கறுப்பில் உட்கார்ந்தும் ஜெயிக்க வேண்டுமா? டோர்னமெண்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு டிராகன்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று நம்ம பக்கம் எங்கே ஞாயிற்றுக்கிழமை செஸ் டோர்னமெண்ட் நடந்தாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். யாருக்கு யார் எதிராளி, யாருக்கு எந்த நிறம் என்கிற பேரிங் பட்டியலை ஒட்டியதும் கூட்டம் அதைச் சுற்றி முண்டும், தன் பேருக்கு நேரே கறுப்பு என்று பார்த்தவர் முகம் சுருங்கிவிடும். அப்புறம் போர்டில் உட்கார்ந்து, வெள்ளை என்ன செய்கிறதோ அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்து, ஒரு டிரா கிடைத்தால் போதும் என்று ஆடுவார். அப்படி ஆடுவது தப்பில்லை. ஆனால் கறுப்பிலும் முழுப் புள்ளியைக் குறிவைக்கிறவர்களுக்கு சிசிலியன் டிராகன் என்கிற தொடக்க ஆட்டமுறை மாதிரி ஒரு வெட்டுக்குத்து டிபன்ஸ் வேண்டும், அதை எப்படிக் கையில் எடுப்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. டிராகனை இருபது மூவ் மனப்பாடம் செய்து ஆடுவது என்று நினைத்துத்தான் பலரும் பயந்து ஒதுங்குகிறார்கள், இல்லையென்றால் மனப்பாடம் செய்துகொண்டு வந்து பத்தாவது மூவில் எதிராளி வேறு ஏதாவது ஆடியதும் திருதிருவென்று முழிக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். ஜி7 பிஷப் எதற்கு, சி வரிசை எதற்கு, வெள்ளை எந்த வழியாக வரும், இந்த மூன்றும் புரிந்தால் ஆடலாம் (கட்டங்களின் பேரைக் கீழே சொல்கிறேன்). அதே சமயம் இரண்டு மூவ் மேட் புதிரில் இன்னும் தடுமாறுகிறவராக இருந்தால் கொஞ்ச நாள் புதிர் போட்டுவிட்டு வாருங்கள், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் ஒரு மூவ் பிசகினால் திருத்திக்கொள்ள எதிராளி நேரம் தரமாட்டார்.

நம்ம ஊர்க்காரர் ஒருவரும் இந்த டிராகனிடம் அடிபட்டிருக்கிறார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் 1995-ல் நியூயார்க்கில் சாம்பியன் காஸ்பரோவோடு உலகப் பட்டத்துக்கு ஆடினார். முதல் 8 ஆட்டமும் டிரா. 9-வதில் ஆனந்த் ஜெயித்தார், 10-வதில் காஸ்பரோவ் ஜெயித்தார். 11-வது ஆட்டத்தில் காஸ்பரோவ் கறுப்பில் டிராகனை எடுத்தார், ஜெயித்தார்; 13-வதிலும் அதே டிராகன், அதே முடிவு. உலகப் பட்டப் போட்டியில், கறுப்பில், இரண்டு முழுப் புள்ளி.

போர்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

கட்டங்களை ஏ முதல் எச் வரை எழுத்தும் 1 முதல் 8 வரை எண்ணும் சேர்த்துச் சொல்கிறேன். காய் பேர் சொல்லாமல் கட்டத்தை மட்டும் சொன்னால் சிப்பாய் அங்கே போகிறது என்று அர்த்தம். சி வரிசை, எச் வரிசை என்றால் அந்த எழுத்துக்குரிய மேல்-கீழ் நேர்கோடு. போனில் பார்த்துக்கொண்டே படிக்காதீர்கள், நிஜமான போர்டில் கையால் வைத்துப் பாருங்கள், டோர்னமெண்டில் கண் பார்க்கப்போவது அதைத்தான்.

வெள்ளை இ4, நீங்கள் சி5. அவர் குதிரை எஃப்3, நீங்கள் டி6. அவர் டி4, நீங்கள் சி சிப்பாயால் வெட்டுகிறீர்கள், அவர் குதிரையால் திருப்பி வெட்டுகிறார். நீங்கள் குதிரை எஃப்6. இ4 சிப்பாய் அடிபடுவதால் அவர் குதிரை சி3. ஐந்தாவது மூவாக ஜி6. இவ்வளவுதான் டிராகன். அடுத்து உங்கள் பிஷப் ஜி7-க்குப் போய் உட்கார்ந்து, நீண்ட கோடு வழியாக பி2 வரை குறிபார்க்கும்.

என்ன கொடுத்து என்ன வாங்கினீர்கள் என்று பாருங்கள். நடுவுக்கு வெளியே இருந்த சி சிப்பாயைக் கொடுத்து அவருடைய நடுச் சிப்பாயை எடுத்துக்கொண்டீர்கள். சி வரிசை உங்கள் பக்கம் திறந்துவிட்டது, உங்கள் யானைக்கு அதுதான் பாதை. அவருக்குக் கிடைத்தது வேகம், காய்கள் எல்லாம் உங்களைவிட முன்னால் வந்திருக்கும்.

இந்த இடத்தில் புதியவர்கள் விழுகிற பள்ளங்கள் இரண்டு இருக்கின்றன, டிராகனில் வேறு எதை மறந்தாலும் இவற்றை மறக்காதீர்கள்.

ஆறாவது மூவில் வெள்ளை பிஷப் இ3 வைத்ததும், அந்தப் பிஷப்பைத் துரத்தலாமே என்று உடனே குதிரையை ஜி4-க்குத் தூக்கக் கை அரிக்கும். தூக்கினால் அவர் பிஷப் பி5 செக். உங்கள் பிஷப்பை டி7-ல் மறைத்தால் அது அங்கேயே கட்டுண்டுபோகும், ராணி வந்து ஜி4 குதிரையைச் சும்மா எடுத்துக்கொள்ளும். குதிரையை சி6-ல் மறைத்தால் அவர் குதிரையால் வெட்டி, நீங்கள் சிப்பாயால் வெட்டியதும் பிஷப்பால் சி6-ஐ எடுத்து, செக்கும் யானைக்கு அடியும் ஒன்றாக வைப்பார். அதனால் ஆறாவது மூவில் பிஷப் ஜி7, வேறு யோசனை வேண்டாம்.

இன்னொன்று, வெள்ளை ஆறாவது மூவில் எஃப்4 ஆடினால். வழக்கம்போல பிஷப் ஜி7 வைத்தால் அவர் இ5 தள்ளுவார். நீங்கள் டி சிப்பாயால் வெட்டி, அவர் எஃப் சிப்பாயால் வெட்டி, குதிரை ஜி4-க்கு ஓடினால் மறுபடியும் பிஷப் பி5 செக். ராஜா எஃப்8 போனால் குதிரை இ6 செக், ராணி போச்சு. இதற்கு மருந்து சுலபம், எஃப்4 பார்த்ததும் குதிரை சி6 ஆடிவிடுங்கள், பிஷப்பை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளை எப்படி வரும்

கோச் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் ஆடுவது யூகோஸ்லாவ் தாக்குதல். பிஷப் இ3, எஃப்3, ராணி டி2, ராணிப் பக்கம் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்திவைப்பது). எஃப்3 வந்துவிட்டால் ஜி4-க்கு உங்கள் குதிரை வரமுடியாது, இ4 சிப்பாயும் பத்திரம். பிறகு எச்4, எச்5, எச் வரிசையைத் திறப்பார்கள். பிஷப் எச்6 வைத்து உங்கள் ஜி7 பிஷப்பை மாற்றிக்கொள்வார்கள். ராணி எச்6-க்கு வந்து உட்காரும். குதிரை டி5 குதித்து எஃப்6 குதிரையை விரட்டும் அல்லது வெட்டும். எச்7-ல் மேட். யோசிக்கவே வேண்டாம், கை தானாக ஆடும், அதனால்தான் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள்கூட இதை வைத்துப் பெரியவர்களை அடிக்கிறார்கள். எதிரே சின்னப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறதே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

ராஜாக்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டதால் இது பந்தயம். அவர் எச் வரிசையைத் திறக்கிறார், நீங்கள் சி வரிசையில் இறங்குகிறீர்கள். ஒரே ஆற்றில் இரண்டு வாய்க்கால் பிரிந்து யாருடைய வயலுக்குத் தண்ணீர் முதலில் எட்டுகிறது என்கிற கதைதான். இதில் நிதானமாக ஏ6 மாதிரி ஒரு மூவைச் சும்மா செலவழிக்கிறவர் தோற்கிறார்.

உங்கள் பதில்

ஏழாவது மூவில் கேஸ்லிங், எட்டாவதில் குதிரை சி6. இப்போது வெள்ளையின் ஒன்பதாவது மூவைக் கவனியுங்கள், இங்கேதான் பாதை பிரிகிறது.

அவர் உடனே ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்துவிட்டால் நீங்கள் டி5 உடைக்கலாம். சிப்பாயைச் சும்மா கொடுப்பது மாதிரி தெரியும், ஆனால் இல்லை. அவர் சிப்பாயால் வெட்ட நீங்கள் குதிரையால், அவர் சி6 குதிரையை வெட்ட நீங்கள் பி சிப்பாயால், பிறகு அவர் பேராசைப்பட்டு டி5 குதிரையை வெட்டி, நீங்கள் சி சிப்பாயால் திருப்பி வெட்டியதும் ராணியால் டி5-ஐ எடுத்தால், ராணி சி7. ஏ8 யானை காவலில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும், தொங்கட்டும். அவர் ராணி அதை எடுத்தால் பிஷப் எஃப்5, அடுத்தது சி2-ல் மேட் மிரட்டல், ராணியைக் கொடுத்துத்தான் அவர் தப்பிக்க வேண்டும். இந்த வரிசையைப் போர்டில் வைத்துப் பார்த்துவிட்டால் டிராகன் எப்படிக் கடிக்கும் என்பது விரலுக்கே தெரிந்துவிடும்.

விவரம் தெரிந்தவர் அந்த டி5-ஐத் தடுக்கத்தான் ஒன்பதாவதில் பிஷப் சி4 ஆடுவார். அப்போது பிஷப் டி7, யானை சி8, குதிரை இ5, அங்கிருந்து சி4 கட்டத்துக்குக் கண். அவர் எச்4 தள்ளினால் நீங்கள் எச்5 வைத்து வரிசையை அடைக்கலாம். சோல்டிஸ் முறை என்று இதைச் சொல்வார்கள், புதியவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். எச் வரிசை மூடியே இருந்தால் உங்களுக்கு இரண்டு மூன்று மூவ் மிச்சம், பந்தயத்தில் அது பெரிய சொத்து.

அப்புறம் டிராகன்காரர்களின் செல்லப் பிள்ளை, சி3-ல் யானையைக் கொடுத்துக் குதிரையை எடுப்பது. ஐந்து மதிப்புள்ள காயைக் கொடுத்து மூன்றை வாங்குவது கணக்குக்கு நஷ்டம்தான். ஆனால் பி சிப்பாயால் அவர் திருப்பி வெட்டியதும் அவருடைய ராஜாவின் கூரை பிய்ந்துவிடும், இ4 சிப்பாய்க்குக் காவல் குறையும், டி5-க்குக் குதிக்கக் குதிரையும் இருக்காது. எப்போது கொடுப்பது என்று கேட்டால், பி சிப்பாயால்தான் வெட்டியாக வேண்டும் என்கிற நிலையில். ராணியாலேயோ இன்னொரு யானையாலேயோ அவரால் வெட்ட முடியும் என்றால் இரண்டு தடவை யோசியுங்கள். அழகாக இருக்கிறது என்பதற்காக யானையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மீதி ஆட்டம் முழுக்கத் தலையைச் சொறிகிறவர்கள் நிறைய.

தோற்ற ஆட்டத்தைப் பாருங்கள்

டிராகன் படிக்க வேண்டும் என்றால் கறுப்பு ஜெயித்த ஆட்டங்களைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். நான் மாற்றிச் சொல்கிறேன், முதலில் 1974-ல் மாஸ்கோவில் கார்போவ் வெள்ளையிலும் கோர்ச்னாய் கறுப்பிலும் ஆடிய கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனுக்குச் சவால் விடுகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) இறுதியின் 2-வது ஆட்டத்தை வைத்துப் பாருங்கள். கறுப்பு என்ன தடுக்கத் தவறியது என்பது தெரிந்தால்தான் எதைக் காக்க வேண்டும் என்பது தெரியும். மொத்தமே 27 மூவ்.

தொடக்கம் மேலே சொன்ன மாதிரிதான். கோர்ச்னாய் 12-வதில் குதிரையை சி4-ல் வைத்தார், கார்போவ் பிஷப்பால் அதை எடுத்தார், யானை திருப்பி எடுத்து சி4-ல் நின்றது. 14-வதில் கார்போவ் எச்5 என்று ஒரு சிப்பாயையே கொடுத்தார். கோர்ச்னாய் குதிரையால் எடுத்தார், ஜி4 வந்து குதிரையைத் திரும்ப எஃப்6-க்கே விரட்டியது. ஒரு சிப்பாய் லாபம் கறுப்புக்கு, ஆனால் எச் வரிசை திறந்துவிட்டது.

இப்போது கார்போவின் 16-வது மூவ், டி4 குதிரை பின்வாங்கி இ2-க்குப் போகிறது. தாக்கப் போகிறவர் ஏன் பின்னால் போகிறார்? சி3 குதிரைக்குக் காவல். யானை சி3-ல் வெட்டினால் இன்னொரு குதிரையே திருப்பி வெட்டும், சிப்பாய் வரிசை உடையாது. டிராகனின் பல்லை முதலில் பிடுங்கிவிட்டுப் பிறகுதான் பிஷப் எச்6, பிஷப் மாற்றம், ராணி எச்6. 19-வதில் யானை டி3, சி3-க்கு இன்னொரு காவல். கறுப்பு ராணி ஏ5-ல், யானைகள் சி வரிசையில், எல்லாம் மிரட்டலாகத்தான் நிற்கின்றன, ஆனால் போக இடமில்லை.

20-வதில் ஜி5, இன்னொரு சிப்பாய் தானம், சி4-லிருந்து சி5-க்கு வந்திருந்த யானை ஜி5-க்கு இழுபட்டது. உடனே யானை டி5, யானைகள் மாறின, குதிரை டி5-ல் வந்து உட்கார்ந்தது. இப்போது கறுப்பிடம் இரண்டு சிப்பாய் அதிகம். ஆனால் எஃப்6 குதிரை போய்விட்டால் எச்7-க்கு ஆபத்து. 24-வதில் வந்த இ5 தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவசரப்பட்டு எஃப்6-ல் வெட்டியிருந்தால், கறுப்பு ராணி ஐந்தாவது வரிசையில் ஏ5-லிருந்து ஜி5-க்கு ஓடி வந்து செக் கொடுத்துத் தற்காத்துக்கொண்டிருக்கும். இ5 அந்த வரிசையை மறித்தது. மூன்று மூவில் ஆட்டம் முடிந்தது. கார்போவ் அந்தப் போட்டியை 3-2 என்று ஜெயித்தார், மீதி 19 ஆட்டம் டிரா.

இதை வைத்துப் பார்த்துவிட்டு ஒரு தாளில் உங்கள் கையால் எழுதுங்கள்: ஜி7 பிஷப் எந்த மூவில் போனது, எச் வரிசை எந்த மூவில் திறந்தது, சி3 எந்த மூவில் கெட்டியானது. உங்கள் சொந்த ஆட்டங்களுக்கும் இதே மூன்றைக் குறித்து வாருங்கள்.

புத்தகத்தில் இல்லாததை ஆடுகிறவர்கள்

நிஜம் என்னவென்றால் மாவட்ட அளவு டோர்னமெண்டில் யூகோஸ்லாவ் உங்களுக்கு எல்லா ரவுண்டிலும் வராது. பிஷப் இ2, கிங் சைடு கேஸ்லிங் என்று அமைதியாக ஆடுகிறவர் வந்தால் பந்தயம் கிடையாது, நீங்களும் நிதானமாக கேஸ்லிங், குதிரை சி6, ஏ6, பி5 என்று பக்கவாட்டில் முன்னேறலாம். இரண்டாவது மூவிலேயே சி3 ஆடினால் குதிரை எஃப்6, இ5 என்று தள்ளினால் குதிரை டி5. மூன்றாவதில் பிஷப் பி5 செக் என்றால் பிஷப் டி7. இரண்டாவதில் குதிரை சி3 வைத்து மூடிய ஆட்டத்துக்குப் போனால் குதிரை சி6, ஜி6, பிஷப் ஜி7, அதே பிஷப் அதே கோடு. முதல் மூவே டி4 என்றால் டிராகன் கிடையாது, ஆனால் குதிரை எஃப்6, ஜி6, பிஷப் ஜி7 என்று கிங்ஸ் இந்தியன் என்கிற ஆட்டமுறைக்குப் போனால் பழகிய வீடு மாதிரிதான் இருக்கும். இவ்வளவு தயாரிப்பு முதல் டோர்னமெண்டுக்குத் தாராளம்.

போட்டி நாள்

ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) போட்டி என்றால் முன்கூட்டியே அகில இந்திய செஸ் கூட்டமைப்பில் பதிவு இருக்க வேண்டும், கடைசி நாளில் ஓடாதீர்கள். முதல் ரேட்டிங் கிடைக்க ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் வேண்டும், 2024 மார்ச் முதல் ரேட்டிங்கின் அடித்தளம் 1400. புதியவர்கள் இதற்கெல்லாம் முன் ஒரு நாளில் முடிகிற ரேபிட் (வேக ஆட்டப்) போட்டி ஒன்றிரண்டு ஆடிவிடுவது நல்லது, கிளாக் அமுக்கும் பழக்கமாவது வரும்.

மண்டபத்துக்கு முதல் பஸ்ஸில் போய்விடுங்கள். டெல்டாவில் முகூர்த்த நாளாக இருந்தால் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது, தாமதமாகப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு டிராகன் ஆட முடியாது. பேனா இரண்டு, தண்ணீர், ஒரு துண்டு. மின்விசிறிக்கு நேர் கீழே போர்டு கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். போனையும் ஸ்மார்ட் வாட்சையும் வெளியே கூட வந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், ஆடும்போது உங்கள் மேல் போன் இருப்பது தெரிந்தால் விதிப்படி ஆட்டத்தையே இழக்கலாம்.

தொட்ட காயை ஆடியாக வேண்டும். கேஸ்லிங் செய்யும்போது முதலில் ராஜாவைத் தொடுங்கள், ஒரே கையால் செய்யுங்கள். யானையை முதலில் தொட்டால் யானையைத்தான் நகர்த்த வேண்டியிருக்கும், டிராகனில் கேஸ்லிங் போனால் கதை முடிந்தது. விதிமீறிய மூவ் ஆடி கிளாக்கை அமுக்கினால் முதல் தடவை எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், இரண்டாவது தடவை ஆட்டமே போய்விடும். மூவை ஆடிய பிறகுதான் எழுத வேண்டும், எழுதி வைத்துவிட்டு ஆடக்கூடாது. ஒவ்வொரு மூவுக்கும் 30 விநாடி கூடுகிற ஆட்டத்தில் கடைசி வரை எழுதியாக வேண்டும். டிரா கேட்பதென்றால் மூவை ஆடி, வாயால் கேட்டு, பிறகு கிளாக். ஏதாவது தகராறு என்றால் எதிராளியிடம் வாக்குவாதம் வேண்டாம், கிளாக்கை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்குங்கள், ஆர்பிட்டர் (நடுவர்) வருவார்.

நேரத்தைப் பற்றி. 90 நிமிடம் இருக்கிறது என்றால் முதல் ஒன்பது மூவுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள், தெரிந்த மூவ்தானே. அவர் எச்4 தள்ளுகிற நேரம் வந்ததும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். எச்5 அடைப்பதா, சி4-க்குக் குதிரையா, யானையைக் கொடுப்பதா என்று ஆட்டத்தின் தலையெழுத்து அந்த நாலைந்து மூவில்தான், இருபது நிமிடம் போனாலும் போகட்டும். இதை விட்டுவிட்டு மூன்றாவது மூவில் ஐந்து நிமிடம் யோசிக்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

வெளியூரிலிருந்து மன்னார்குடிப் பக்கம் ஆட வருகிறீர்கள் என்றால் ஒரு தகவல்: நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகிற வழியில் பூவனூர் இருக்கிறது, சுவாமி பேரே சதுரங்க வல்லபநாதர். சிவன் சித்தர் வடிவில் வந்து இளவரசியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்து மணந்தார் என்பது தலபுராணம். கும்பிட்டுவிட்டுப் போங்கள், ஆனால் ஆறாவது மூவில் குதிரையை ஜி4-க்குத் தூக்கினால் அவரும் காப்பாற்ற மாட்டார்.

ஆட்டம் முடிந்த பிறகு

கை கொடுங்கள், காய்களை அடுக்குங்கள், முடிவைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பிறகு எதிராளி சம்மதித்தால் வெளியே ஒரு போர்டில் இருவருமாக ஆட்டத்தைத் திரும்ப வைத்துப் பாருங்கள், அவர் எங்கே பயந்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்கலாம், எந்தக் கம்ப்யூட்டர் செஸ் இன்ஜினும் அதைச் சொல்லாது. பல தடவை நீங்கள் தோற்றுவிட்டதாக நினைத்த இடத்தில் அவரும் தோற்றுவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பார். இன்ஜினில் போடுவதை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் உங்கள் சொந்தக் கருத்தைத் தாளின் ஓரத்தில் எழுதியிருக்க வேண்டும். அடுத்த ரவுண்டு பேரிங் ஒட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், அடுத்ததும் கறுப்பாக இருக்கலாம்.